மடக்கு நாற்காலி அக்கா

ஈப்போவைச் சுற்றி நின்ற சுண்ணாம்பு மலைகளையே உடைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் நாற்காலி அக்கா ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால், அவரை அங்கிருந்து கிளப்ப இந்தப் பேராக் மாநிலத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. நானே முயன்று பார்த்தவன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எல்லோருக்கும் அவர் நாற்காலி அக்காதான். தூண்டில் போடப் போகிறவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள்: இரும்புக் கால், நீலத் துணி, மடக்கினால் குடை மாதிரி கக்கத்தில் அடங்கிவிடும். போன வருடம் வரை அந்த நாற்காலி இல்லாமல் அக்கா எந்த அலுவலகத்துக்குள்ளும் நுழைந்ததில்லை.

பத்து காஜா போகிற சாலையோரம் ஒரு பழைய மரவீட்டில் அவர் பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறார். நாங்கள் ‘ஹோம்’ என்போம். இருபத்து மூன்று பிள்ளைகள். எஸ்டேட்டுகளை மூடியபோது வேலையும் போய், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய் சிதறிய குடும்பங்களின் பிள்ளைகள். ஒருத்தனுக்கு அப்பா சிறையில். இன்னொருத்திக்கு அம்மா ஆஸ்பத்திரியில், அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. அக்கா கதை கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். இல்லை என்றால் அன்றிலிருந்து அது அவர் பிள்ளை.

பிள்ளை என்று ஆகிவிட்டால் அதற்குக் காகிதம் வேண்டும். பள்ளி மாற்றுக் கடிதம், மருத்துவ அட்டை, உதவித் தொகைப் பாரம். அதற்குத்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறுவார். நாளை வரச் சொன்னால் கோபப்பட மாட்டார். சந்தோஷமாகத் தலையாட்டி, நாளை வரைக்கும் இங்கேயே இருக்கிறேன் என்று நாற்காலியை விரிப்பார். பிறகு பையிலிருந்து பழைய பேப்பரையும் இரண்டு கிலோ நெத்திலியையும் எடுப்பார். ஹோமில் இருபத்து மூன்று தட்டுக்குச் சம்பல் வைக்க வேண்டும், நேரத்தை வீணாக்க முடியுமா? ஒவ்வொரு மீனாகத் தலையைக் கிள்ளிப் போடுவார். குளிர்சாதன அறையில் நெத்திலி வாசம் எப்படிப் பயணம் செய்யும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. பதினொரு மணிக்குள் உள்ளேயிருந்து பெரிய அதிகாரியே வெளியே வந்து காகிதத்தை வாங்கிக்கொள்வார்.

ஓர் அலுவலகத்தில் வெளியிலிருந்து நாற்காலி கொண்டுவரக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அக்கா அதை நிதானமாக முழுதும் வாசித்தார். மறுநாள் கோரைப்பாய் கொண்டுவந்தார்.

நான் இவரிடம் மாட்டிய கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடங்களுக்கு முன் இன்சூரன்ஸ் விற்கத்தான் அந்த மரவீட்டுப் படி ஏறினேன். வாழ்க்கை நிலையில்லாதது, நாளை என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை அரைமணி நேரம் கொட்டினேன். அக்கா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

“நாளைக்கு என்னா நடக்கும்னு தெரியாதுதான் தம்பி. அத ஆண்டவர் பாத்துக்குவாரு. வேன் ஓட்டத்தான் ஆளு இல்ல. லைசென்ஸ் இருக்கா?”

என் நெற்றியில் இருந்த திருநீற்றைக் காட்டி, நான் வேற சாமி கும்பிடுகிறவன் என்று தப்பிக்கப் பார்த்தேன்.

“நல்லதாப் போச்சு. சாமிக்குப் பயந்தவன் மெதுவா ஓட்டுவான்லா.”

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அந்த வேனை நான்தான் ஓட்டுகிறேன். ஹோமில் என் பெயர் ‘இன்சூரன்ஸு’. இன்றுவரை அங்கே ஒரு பாலிசிகூட விற்கவில்லை. என்னைத்தான் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியும் முன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது. அக்காவின் அப்பா எஸ்டேட்டில் மண்டோர், அதாவது ஆட்களை மேய்க்கிறவர். அவர் குரல் மகளுக்கு அப்படியே வந்துவிட்டது. எஸ்டேட்டுகள் போனாலும், ஹோமில் தினமும் காலை ஐந்தரைக்குப் பெரட்டு நடக்கும். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். உனக்கு வாசல், உனக்குத் தண்ணீர், நீ சின்னவளுக்குத் தலை பின்னு என்று வேலை பிரியும். எல்லோருக்கும் கொடுத்த பிறகு அக்கா கண்ணை மூடிக்கொள்வார். கடைசியாக வேலை வாங்க வேண்டிய ஆள் ஒருவர் பாக்கி.

“ஆண்டவரே, ஒங்களுக்கு இன்னிக்கு மூணு வேல. சின்னவனுக்குக் காச்சல் எறங்கணும். அரிசி சனிக்கெழம வரைக்கும்தான் வரும், பாத்துக்குங்க. அப்புறம் இன்சூரன்ஸு தம்பி பிரேக்க ரொம்ப லேட்டா போடுறாரு, அவருக்குப் புத்தி குடுங்க. ஆமென்.”

மாலையில் கணக்காகச் சரிபார்ப்பார். எஸ்டேட்டில் முழுநாள் வேலை செய்தால் செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் ஒரு பேர் விழும், பாதியில் நின்றால் அரைப்பேர். அன்று காய்ச்சல் இறங்கியது. தேவாலயத்திலிருந்து அரிசி வந்தது. என் விஷயத்தில் மட்டும் ஆண்டவருக்கு அரைப்பேர்தான் போட முடிந்தது என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார்.

இப்படி மனிதரையும் தெய்வத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தி வேலை வாங்கிய அக்காவுக்குப் போன வருடம் ஒரு காகிதம் தண்ணி காட்டியது.

தேவி என்று ஒரு பெண். ஏழு வயது ஆகப்போகிறது, முதலாம் வகுப்பில் சேர வேண்டும். ஹோமுக்கு வரும்போது அவள் கையில் இருந்தது ஒரு பிஸ்கட் டின். அதில் செத்துப்போன அம்மாவின் அடையாள அட்டையும் கல்யாணப் பத்திரமும் இருந்தன. தேவிக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. லயத்து வீட்டில் பிறந்தவள். அவள் பிறந்ததை யாரும் எங்கேயும் பதியவில்லை. பாடமெல்லாம் படிக்கத் தெரியும், வாய்ப்பாடு சொல்வாள், வேனில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் எங்கே எங்கே தவறாகத் திரும்பினேன் என்று எண்ணிச் சொல்வாள். ஆனால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு பிள்ளை இந்த நாட்டில் இல்லை. பள்ளி திறக்க ஏழு வாரம் இருந்தது. ஏற்கெனவே இதே காரணத்தால் வீட்டோடு நின்றுபோன பெரிய பிள்ளைகளை அக்கா பார்த்திருக்கிறார். அந்த வரிசையில் தேவி நிற்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார்.

பதிவு அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா பொறுமையாக விளக்கினார். இன்ன நாளில் இந்தத் தாய்க்கு இந்தப் பிள்ளை பிறந்தது என்பதற்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் வேண்டும். அதை அறிந்த ஒருவர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அக்கா வழக்கம்போல் நாற்காலியை விரித்து நெத்திலியை எடுத்தார்.

கால்மணி நேரம் கழித்து அந்த அம்மா முகப்பை விட்டு வெளியே வந்தார். திட்டப் போகிறார் என்று நான் கதவைப் பார்த்தேன். அவரோ அக்காவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தானும் ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினார். இரண்டு கிலோவையும் சேர்ந்தே கிள்ளி முடிக்கலாம் அக்கா, ஆனால் சாட்சி இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

நாற்காலி அக்காவை யாரும் எழுப்பவில்லை. அவராகவே எழுந்தார். அதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

வேன் மெங்லெம்பு தாண்டியதும் அக்கா சொன்னார். “சித்தியவான்ல பெரிய கிராணி இருக்காரு.”

கிராணி என்றால் எஸ்டேட் ஆபீஸ் எழுத்தர். செக்ரோல் எழுதுகிறவர், பேர் போடுகிறவர், பேரை வெட்டுகிறவர். அக்கா பிறந்த அதே எஸ்டேட்டில்தான் தேவியும் பிறந்தாள். ரப்பர் போய் செம்பனை வந்து, ஐந்து வருடத்துக்கு முன் செம்பனையும் போய்க் கேட்டைப் பூட்டும்வரை அங்கே அவர் ஒருவர்தான் கிராணி. பழைய செக்ரோல் புத்தகங்களைத் தூக்கிப்போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று கேள்வி. தேவியின் அம்மா அங்கே வேலை செய்தவள். பிரசவத்தன்று அவள் பெயருக்கு நேராக ஏதாவது குறித்திருப்பார் அல்லவா?

மறுநாள் பெரட்டில் ஆண்டவருக்கு ஒரே ஒரு வேலைதான் கிடைத்தது. கிராணி மனசு. அதோடு ஆமென்.

சித்தியவானில் வரிசை வீடு, பச்சை கேட். பெரிய கிராணி கைலியும் வெள்ளை பனியனுமாக வாசலுக்கு வந்தார். எழுபத்தைந்தைத் தாண்டிய ஆள். கேட்டைத் திறக்காமலே அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

“மண்டோர் மகதான நீ?”

அக்கா விஷயத்தைச் சொன்னார். புத்தகத்தையெல்லாம் கறையான் தின்றுவிட்டது என்றார் கிராணி. எனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றார். ஈப்போ வரைக்கும் வர முட்டிவலி விடாது என்றார். மூன்று காரணத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உள்ளே போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

அக்கா கேட்டுக்கு வெளியே, நடைபாதையில், நாற்காலியை விரித்தார்.

உச்சி வெயில். தேவியை வேனில் ஏசி போட்டு உட்கார வைத்தேன். என் குடையில் இரண்டு கம்பி இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு அக்கா பக்கத்தில் நின்றேன். “போலாம்க்கா. மயக்கம் வந்துரும். இது ஆபீசு இல்ல, அவரு வீடு. இங்க நெத்திலி செல்லாது.”

அக்கா திரை மூடிய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா இவரு ஆபீசு முன்னால முப்பது வருஷம் நின்னாரு தம்பி. தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு. உள்ள ரெண்டு நாக்காலி சும்மாத்தான் கெடக்கும். சோறு கொண்டுபோறப்பல்லாம் நான் பாப்பேன். ஒரு நாளாச்சும் உக்காருன்னு ஒரு வார்த்த சொல்லல.”

இத்தனை வருடமாக அக்கா நாற்காலி தூக்குவது முட்டிவலிக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். கல்யாண வீடுகளில் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கியும் இருக்கிறேன். குடையைக் கொஞ்சம் நேராகப் பிடித்தேன்.

காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிதான். ஒரு மணி நேரமாக எங்களைக் கவனித்தவர், என் முழுக்கைச் சட்டையையும் தோல் பையையும் பார்த்து, கிராணியிடம் வட்டிக்கடன் வசூலிக்க வந்த ஆ லோங் நான்தான் என்று முடிவுகட்டிவிட்டார். ஆ லோங்கா என்று என்னிடமே நேராகக் கேட்டார். இல்லை, இன்சூரன்ஸ் என்றேன். அவர் முகத்தில் கவலை இன்னும் கூடியது. வேலியைத் தட்டி, வயதான காலத்தில் இப்படி ஆட்களிடம் ஏன் மாட்டிக்கொண்டாய் என்று கிராணியை மலாயில் உரக்கக் கேட்க, தெருவில் நாலு கேட் திறந்தது. ஐந்தாவதாகப் பச்சை கேட்டும் திறந்தது.

உள்ளே போனதும் கிராணி மறுபடியும் கறையானை ஆரம்பித்தார். தேவி வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டிவிட்டு என் சட்டையை இழுத்தாள்.

“அங்கிள், பிரிட்ஜுக்குக் கீழ நாலு புக்கு இருக்கு.”

இருந்தது. கெட்டி அட்டை போட்ட நாலு செக்ரோல் புத்தகம், மூலைக்கு ஒன்றாகப் பிரிட்ஜைத் தாங்கிக்கொண்டிருந்தன. கறையானுக்கு எட்டாத இடம். பிரிட்ஜைத் தூக்கும் பெருமை எனக்குக் கிடைத்தது. இடுப்பில் ஒரு சத்தம் கேட்டது. அதற்கும் என்னிடம் பாலிசி இல்லை.

மூன்றாவது புத்தகத்தை அக்கா புரட்டும்போது, கிராணி சுவரைப் பார்த்தபடி பேசினார்.

“வெள்ளிக்கெழம. அரப்பேரு. பதினோரு மணிக்கு அந்தப் புள்ளைக்கு வலி வந்துருச்சு.”

அக்கா பக்கத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை. தேவியின் அம்மா பெயர். அரைப்பேர். ஓரத்தில் சிவப்பு மையில் ‘பிரசவம்’. எதுவும் ஞாபகமில்லை என்றவர் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லியிருந்தார்.

“லாரி கேட்டு வந்தாங்க, ஆஸ்பத்திரிக்கு. செம்பனப் பழம் ஏத்தி நிக்குது, மில்லுக்குப் போயிட்டு வரட்டும்னு சொல்லிட்டேன்.” கிராணி கைலியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “திரும்பி வர்றதுக்குள்ள லயத்துலயே பொறந்துருச்சு. பதிவு ஆபீசுக்கு நான் வந்தா, ஏன் ஆஸ்பத்திரியில பொறக்கலன்னு கேப்பாங்க. என்னான்னு சொல்லுறது?”

“நடந்ததச் சொல்லுங்க ஐயா.” அக்கா புத்தகத்தை மூடினார். “லாரி கத எனக்கு முன்னாலயே தெரியும், லயத்து ஆளுங்க சொல்லியிருக்காங்க. அந்த நாள ஒங்களத் தவிர வேற யாரும் இவ்வளவு ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. அதான் ஒங்ககிட்ட வந்தேன்.”

தேவி கிராணியின் எதிரில் போய் நின்றாள்.

“தாத்தா, நான் பொறந்தப்ப மழையா?”

அவர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். “ஆமாம்மா” என்றார். “நல்ல மழ.”

பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஈப்போ பதிவு அலுவலகத்தில் அன்று திருவிழாக் கூட்டம். உட்கார ஓர் இடம் இல்லை. எண் வர ஒரு மணி நேரமாவது ஆகும். கிராணியின் கால் நடுங்க ஆரம்பித்தது. முட்டிவலி மட்டும் பொய் இல்லை போலிருக்கிறது. அக்கா கக்கத்திலிருந்து நாற்காலியை எடுத்து விரித்து அவர் பின்னால் வைத்தார்.

“உக்காருங்க ஐயா.”

“நீ?”

“நான் நிக்கிறேன். எங்க குடும்பத்துக்குப் பழக்கந்தான்.”

அக்கா இதைக் குரலை உயர்த்தாமல், சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னார். கிராணி அந்த நீலத் துணியை வெகுநேரம் பார்த்தார். கால் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். எண் வரும்வரை தலை நிமிரவே இல்லை.

எண் வந்தது. முகப்பில் அதே மலாய்க்கார அம்மா. சாட்சிக்கு என்று அங்கே ஒரு நாற்காலி இருந்தது. உட்காருங்கள் ஐயா என்றார். கிராணி வேண்டாம் என்று தலையசைத்தார். நின்றபடியே, நல்ல மலாயில், ஆபீஸ் கடிதம் எழுதுகிற மாதிரி வரிசையாகச் சொன்னார். தாயின் பெயர், நாள், வலி வந்த நேரம். லாரி இருந்தது. கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அதனால் பிள்ளை வீட்டில் பிறந்தது. அந்த அம்மா தட்டச்சை நிறுத்தி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு அதையும் சேர்த்து அடித்தார். கிராணி கையெழுத்துப் போட்டபோது எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. ஐம்பது வருடப் பழக்கம்.

திரும்ப சித்தியவானில் அவரை இறக்கிவிட்டோம். அக்கா நாற்காலியை அவர் வாசலில் சாத்தி வைத்தார். முட்டிவலி என்றீர்களே, வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். வேன் தெருமுனை திரும்பும்வரை கிராணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது பத்திரம் கைக்கு வந்தது. பள்ளி திறந்த முதல் நாள் பெரட்டுக்கு நானும் போனேன். ஐந்தரை மணிக்கு நான் கண்விழித்திருந்ததை அந்த வட்டாரமே அதிசயமாகப் பார்த்தது. அக்கா பத்திரத்தில் இருந்த முழுப்பெயரையும், அம்மா பெயரோடு சேர்த்து, ஓர் எழுத்து விடாமல் கூப்பிட்டார். தேவி ‘இருக்கேன்’ என்று போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அக்கா கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, அந்த வேலைக்கு முழுப்பேரு போட்டாச்சு. இன்னிக்கு நாலு வேல இருக்கு, கேட்டுக்குங்க.”

நான் அக்காவுக்குப் புது நாற்காலி ஒன்று வாங்கினேன். அதே மாதிரி, சிவப்புத் துணி. வாங்க மறுத்துவிட்டார். இனிமேல் நின்றே கேட்டுக்கொள்கிறேன் தம்பி என்கிறார். அலுவலகங்களில் இப்போதும் ஜெயிக்கிறார். நெத்திலி மட்டும் மாறவில்லை.

அந்தச் சிவப்பு நாற்காலி ஒரு வருடமாக என் கார் பூட்டில்தான் கிடக்கிறது. எங்கே போனாலும் எதற்கு இதைச் சுமக்கிறீர்கள் என்று என் மனைவி கேட்கிறாள். அக்காவுக்கு அறுபது வயதாகிறது, எந்த வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவருமோ தெரியாது. அப்போது நான் பக்கத்தில் இருந்தால் போதும்.